அசல் சான்றிதழ்கள் கேட்டிருக்கிறாய்

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் பேசியது மொத்தம் நான்கு நிமிடம். அதில் மூன்று நிமிடம் என் கண் அறுவை சிகிச்சையைப் பற்றி விசாரித்தாய். கடைசி ஒரு நிமிடத்தில், போகிற போக்கில் சொல்வதுபோல, பீரோவில் இருக்கும் உன் நீலக் கோப்பைக் கூரியரில் அனுப்பச் சொன்னாய். புதிய கல்லூரியில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து எம்.இ. பட்டம் வரை அத்தனை அசல் சான்றிதழ்களையும் கேட்கிறார்கள், விரிவுரையாளராகச் சேரும் அன்றே ஒப்படைக்க வேண்டும், வேலையை விடும்போதுதான் திருப்பித் தருவார்கள் என்றாய். நான் கேட்பதற்கு முன்பே, “எல்லாரும் குடுக்கறாங்கம்மா. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. நீகூடத்தான் குடுத்த,” என்றாய். ஆமாம், கொடுத்தேன். இன்று வியாழக்கிழமை. கோப்பு இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, மறந்திருப்பாள் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் அது உன் நல்ல குணம். எனக்குக் கண்தான் மங்கியிருக்கிறது.

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. உன்னோடு அதே நாளில் வேலைக்குச் சேரப்போகிற மற்றவர்களும் படிக்கட்டும். என் பெயருக்கு இனிமேல் வரக்கூடிய குறைச்சல் பெரிதாக ஒன்றும் இல்லை. புத்திமதி சொல்வதற்காக இதை எழுதத் தொடங்கவில்லை. பதினெட்டு வருஷம் வகுப்பறையில் அதைச் சொல்லிச் சம்பளம் வாங்கியாயிற்று. நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். அதைத் திருத்தாமல் இந்தக் கோப்பை அனுப்பவும் கை வரவில்லை, வைத்துக்கொள்ளவும் நியாயமில்லை. நான்கு நாட்களாக வீட்டில் நடந்த விஷயம் அவ்வளவுதான்.

மாவட்டம் பிரிந்த வருஷம், 1989இல், உன் அப்பாவை வேலூரிலிருந்து இங்கே மாற்றினார்கள். புது மாவட்டத்துக்குப் பழைய குமாஸ்தாக்கள் தேவைப்பட்டார்கள். வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் பார்த்துவந்த தற்காலிக வேலையை விட்டுவிட்டு, ஆறு வயதுப் பிள்ளையான உன்னையும் இரண்டு டிரங்குப் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்தேன். ஊருக்கு வெளியே கடலைக்காட்டை வாங்கி அதில் ஒரு பொறியியல் கல்லூரியை அப்போதுதான் எழுப்பியிருந்தார்கள். அரிசி ஆலையும் லாரிகளும் வைத்திருந்தவர் தாளாளர். சுவர்களுக்குச் சுண்ணாம்புகூட அடித்து முடியவில்லை; வகுப்பறைக்குள் ஆடு வரும். கணிதத்துக்கு ஆள் வேண்டும் என்றார்கள். எம்.எஸ்ஸி., எம்.ஃபில். முடித்திருந்த பெண் ஒருத்தி, தானாக நடந்து வந்து விண்ணப்பம் கொடுத்ததில் தாளாளருக்குப் பரம சந்தோஷம். சேர்ந்த அன்று அலுவலகத்தில் ஒரு பழுப்பு உறையை நீட்டி, அதன்மேல் என் பெயரை எழுதச் சொன்னார்கள். என் சான்றிதழ்கள் அத்தனையையும் அதற்குள் போட்டுக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. மேற்படிப்பில் எல்லாவற்றுக்கும் காரணம் கேட்டே முதல் வகுப்பு வாங்கியவள் நான். அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை.

பொறியியல் கல்லூரியில் கணக்கு வாத்தியார் என்பவர் யார் என்று உனக்குத் தெரியும், நீயே அந்த வகுப்புகளில் தூங்கியவன்தான். எந்திரவியல்காரனுக்கு நான் அவன் வண்டியை மறிக்கும் சுங்கச்சாவடி. அவனை என் பாடத்தில் தேற வைத்து அனுப்பினால் போதும், அதற்கு மேல் என்னிடம் யாருக்கும் வேலை இல்லை. ஒரு கம்பியின் இரண்டு முனைகளையும் பனிக்கட்டியில் வைத்தால் நடுவிலுள்ள சூடு எப்படிக் குறையும் என்பது ஒரு பழைய கேள்வி. பதினெட்டு வருஷம் அதே கம்பியைச் சூடாக்கி ஆறவைத்தேன். அதற்கு நடுவில், ஒவ்வொரு சனிக்கிழமையும் விடியற்காலைப் பேருந்தில் சென்னைக்குப் போய், தடித்த தகடுகளில் வெப்பம் பரவுவதைப் பற்றி ஆராய்ச்சி செய்தேன். கணிதத்துறைக்காரர்கள் அதைப் பொறியியல் என்றார்கள். பொறியியல்காரர்கள் கணிதம் என்றார்கள். உன் அப்பா பேருந்துச் செலவு என்றார். சனிக்கிழமைகளில் உனக்குப் பழைய சோறுதான். அதை நீ இதுவரை ஒரு முறைகூடக் குத்திக்காட்டியதில்லை. குத்திக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

முனைவர் பட்டம் கைக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்பே ஒரு பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டுக் கணிதத்துக்கு ரீடர் பதவி, பேராசிரியருக்கு ஒரு படி கீழே, விளம்பரமாகியிருந்தது. விண்ணப்பித்தேன், நேர்முகத்துக்கு அழைப்பும் வந்தது. ஆராய்ச்சி மாணவர்கள், நூலகம், தன் பெயரில் ஓர் அறை, நான் ஆசைப்பட்ட எல்லாமே அந்த ஒரு தாளில் இருந்தன. அசல் சான்றிதழ்களோடு வரவேண்டும் என்று அடியில் போட்டிருந்தது. தாளாளரிடம் போய் நின்றேன். மரியாதையான மனிதர், உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். “செமஸ்டர் நடுவுல இருக்கோம் மேடம். இப்ப நீங்க போயிட்டீங்கன்னா எரநூறு பசங்க இன்னா ஆவாங்க? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அங்கெல்லாம் பாலிடிக்ஸ் ஜாஸ்தி, உங்களால தாங்க முடியாது. செமஸ்டர் முடியட்டும்,” என்றார். நகல்களை எடுத்துக்கொண்டு போய் நேர்முகத்தை முடித்தேன். நன்றாகவே செய்தேன். தேர்வுக்குழுத் தலைவர் பத்து நாள் அவகாசம் கொடுத்தார், அசலைக் காட்டிவிட்டு ஆணையை வாங்கிக்கொள்ளச் சொன்னார். அந்தப் பத்து நாளில் தாளாளர் அறை வாசலில் நான் எட்டு முறை நின்றேன். செமஸ்டர் முடிந்தபோது பட்டியலில் எனக்கு அடுத்திருந்தவர் அந்த அறைக்குப் போய்ப் பெயர்ப்பலகை மாட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த கல்வியாண்டில் என்னைத் துறைத்தலைவர் ஆக்கினார்கள். தாளாளர் கூப்பிட்டனுப்பி, ஒரு வளையத்தில் தொங்கிய ஒற்றைச் சாவியை மேஜைமேல் நகர்த்தினார். ஆசிரியர்களின் அசல்களை வைக்கும் பச்சை இரும்பு அலமாரியின் சாவி. “ஆபீஸ் பசங்கள நம்ப முடியல. உங்கள மாதிரி கண்டிப்பான ஆள் வேற யார் இருக்காங்க?” என்றார். அலமாரியை என் துறைக்கே கொண்டுவந்து போட்டார்கள். முதல் நாளே திறந்து பார்த்தேன். என் உறையும் அதில் இருந்தது. எம்.எஸ்ஸி. பட்டத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி உறைக்குள் வைத்து, அகரவரிசை கலையாமல் இருந்த இடத்திலேயே செருகிவிட்டுப் பூட்டினேன். கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம், கேட்க ஆளில்லை. ஏன் வரவில்லை என்று பல காரணங்கள் யோசித்திருக்கிறேன். வயது வரம்பு தாண்டிவிட்டது என்பது ஒன்று. விதியை மீறக்கூடாது என்பது இன்னொன்று. உண்மை என்னவென்றால், சாவி என்னிடம் வந்ததும் எனக்கு அந்த ஏற்பாடு பிடித்துப்போயிற்று.

உண்ணாமலையை உனக்கு நினைவிருக்கும். மாணவர்கள் அவளை மலை மேடம் என்பார்கள்; நீ மலை அக்கா என்பாய். அடி அண்ணாமலையில் இரண்டு காணி நிலமும் ஒரு கிணறும் வைத்திருந்தவரின் மகள். அவர்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி, என் துறையில் கடைசியாகச் சேர்ந்த விரிவுரையாளர். பௌர்ணமி அன்று கல்லூரிப் பேருந்துகளைக் கிரிவலக் கூட்டத்துக்கு வாடகைக்கு விட்டுவிடுவார்கள். அன்றெல்லாம் மலையைச் சுற்ற வருகிற ஜனம் ஒரு பக்கமாகப் போக, இவள் கையில் விடைத்தாள் கட்டோடு எதிர்ப்பக்கமாக நடந்து வருவாள். “சாமிக்கு எதிர்ல நடக்கிறியே, பாவம் வராதா?” என்று கேட்டேன் ஒரு முறை. “எட்டு மணி வகுப்பு எனக்குங்க மேடம், சாமிக்கு இல்லையே,” என்றாள். நீ பள்ளி விட்டு வந்து துறை அறையில் உட்கார்ந்திருப்பாய். அவள்தான் உனக்கு முக்கோணவியல் சொல்லிக்கொடுத்தாள். சூத்திரத்தை மனப்பாடம் செய்யாதே, படம் போடு, படத்தைப் பார்த்தால் சூத்திரம் தானே வரும் என்பாள். உன் நோட்டில் அவள் போட்ட வட்டங்கள் கைவீச்சிலேயே அத்தனை வட்டமாக இருக்கும். அந்த வருஷம்தான் கணிதம் படிக்கப்போகிறேன் என்று நீ சொல்ல ஆரம்பித்தாய். என் முனைவர் பட்ட ஆய்வேட்டையும் அவளிடம் பெருமையாகப் படிக்கக் கொடுத்திருந்தேன். ஒரு வாரம் கழித்து ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். “தப்பா எடுத்துக்காதீங்க மேடம். மூணாவது அத்தியாயத்த இப்படி ஆரம்பிச்சா சுருக்கா வருதுங்களே?” என்றாள். நாற்பது பக்கம், நான்கு வருஷச் சனிக்கிழமைகள், அவள் கையெழுத்தில் ஒன்றரைப் பக்கமாக இருந்தன. சுருக்கம் வேறு, துல்லியம் வேறு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவள் எழுதியதில் இரண்டுமே இருந்தன. அவள் போன பிறகு ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன், தப்பு கிடைக்குமா என்று பார்த்தேன், கிடைக்கவில்லை.

நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது வந்த தீபத் திருநாள் அன்று காலை, வேங்கிக்காலில் நம் வீட்டு வாசலில் அவள் வந்து நின்றாள். ஊருக்குள் வண்டிகள் ஓடவில்லை. அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே வந்திருந்தாள். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் உதவித்தொகையோடு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அசல் சான்றிதழ்களை நேரில் காட்ட வேண்டும். சேர்வது தை மாதத்தில்தான், செமஸ்டர் முடிந்த பிறகு. நீ “மலை அக்கா!” என்று ஓடி வந்தாய். உன்னை அகல்விளக்குத் திரி வாங்கிவர அனுப்பினேன். வீட்டில் திரி நிறையவே இருந்தது. இனி நடந்ததை நீ பார்க்கவில்லை, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

“ரெண்டே நாள்தான் மேடம். நாளைக்குக் கெளம்பிப் போயி காட்டிட்டு, ஞாயித்துக்கிழமை உங்க கையில கொண்டாந்து குடுத்துடறேன். எங்கப்பா இதுக்குத்தான் ஒத்துக்கினாரு. இந்த எடம் கிடைக்கலன்னா மாப்பிள்ளை வீட்டுக்கு வாக்கு குடுத்துடுவாரு.”

“கரஸ்பாண்டென்ட்கிட்ட கேட்டியா?”

“கேட்டேன் மேடம். ‘சாவி மேடம்கிட்ட இருக்குது, அவங்க சரின்னா எனக்கும் சரி’ன்னாரு.”

இந்த வாக்கியத்தை நீ இரண்டு முறை படிக்க வேண்டும். தாளாளர் மறுக்கவில்லை. என்னைத் தடுக்க அன்றைக்கு யாருமே இல்லை. கல்லூரிக்கு விடுமுறை, சாவி என் கைப்பையில், ஆட்டோ கிடைக்காவிட்டாலும் நடந்துபோக அரை மணி நேரம். நான் சொன்னது இதுதான்: “பாடத்துல ஃபூரியர் உருமாற்றம் நடத்தறது இன்னும் பாக்கி இருக்கு. போன செமஸ்டர் உன் வகுப்புலதான் தேர்ச்சி கம்மி. இப்ப ஒருத்திக்குக் குடுத்தா நாளைக்கு நாலு பேர் கேப்பாங்க. செமஸ்டர் முடியட்டும்.” அவள் வகுப்பில் தேர்ச்சி குறைந்ததற்குக் காரணம், மற்றவர்களைப்போல முக்கியமான கேள்விகள் என்று பத்தைக் குறித்துக் கொடுக்காமல் எல்லாவற்றையும் அவள் நடத்தியதுதான். அதுவும் எனக்குத் தெரியும்.

“மேடம், உங்களுக்கும் இப்படித்தானே ஆச்சு?” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பேன். கொடுத்துவிட்டு அதை என் பெருந்தன்மை என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பேன். “ஆமாம். நான் ஒண்ணும் செத்துடலையே?” என்றேன். அவள் “வரேங்க மேடம்,” என்று சொல்லிப் படியிறங்கினாள். நீ திரியோடு திரும்பி வந்தபோது, அக்கா எங்கே என்று கேட்டாய். அவசரமாகப் போய்விட்டாள் என்றேன்.

அன்று மாலை தீபம் பார்க்க மொட்டைமாடியில் நின்றிருந்தபோது உன் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மலை உச்சியைப் பார்த்தபடியே, “உனக்கு அவுங்க செஞ்சத நீ அந்தப் பொண்ணுக்குச் செஞ்சிட்டு வந்து நிக்கற,” என்றார். “அது வேற, இது வேறங்க,” என்றேன். “இன்னா வேற?” என்றார். பதில் சொல்வதற்குள் தீபம் ஏறிவிட்டது, அவர் கும்பிடத் திரும்பிவிட்டார். அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை. வருவாய்த்துறையில் முப்பது வருஷம் இருந்த மனிதர். ஒரு கோப்பில் ஒரு குறிப்பு எழுதினால் போதும், அது அங்கேயே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அடுத்த வாரம் தாளாளரை வராந்தாவில் பார்த்தேன். “நீங்க குடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன் மேடம். பரவால்ல, என்னைவிட ஸ்ட்ரிக்டா இருக்கீங்க,” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

தை மாதத்தில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மலை அக்கா ஏன் இப்போதெல்லாம் வருவதில்லை என்று நீ கேட்டபோது, “அவளுக்குக் கணக்குல இன்ட்ரெஸ்ட் போயிடுச்சு, கல்யாணம் பண்ணிக்கிட்டா,” என்றேன். நான் சொன்ன பொய் இதுதான். சின்ன வாக்கியம். ஆனால் அதன் பிறகுதான் நீயும் கணிதம் படிக்கப்போகிறேன் என்று சொல்வதை விட்டாய். உனக்கு மிகவும் பிடித்த ஆளுக்கே அதில் ஆசை போய்விட்டது என்றால் அதில் என்ன இருக்கும் என்று நினைத்திருப்பாய். எனக்கு அது வசதியாகவும் இருந்தது, எந்திரவியலில் சேர்த்துவிட்டேன். நீ நல்ல பொறியாளன்தான். இருந்தாலும் உன் பழைய நோட்டுகளைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்ட அன்று, அவள் படம் போட்ட நோட்டை மட்டும் தனியாகத் தேடினேன். நீ அதை முன்பே போட்டிருந்தாய்.

கல்யாணத்துக்கு அடுத்த மழைக்காலத்தில் சான்றிதழ்களைக் கேட்டு அவள் கல்லூரிக்கு வந்தாள். அதற்குள் துறையைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றியிருந்தோம். மாற்றும்போது நான்கைந்து பேருடைய உறைகள் காணாமல் போயிருந்தன, அவளுடையதும் அதில் ஒன்று. தேடித் தருகிறேன் என்றேன். ஒரே ஒரு அலமாரியைத் தேடினேன். பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் மூட்டைகளாகக் கட்டிப் போட்டிருந்த தாள்களைப் பிரித்துப் பார்க்கவில்லை. தூசி எனக்கு ஆகாது என்று காரணம் வைத்திருந்தேன். மூன்று முறை வந்தாள், பிறகு வரவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று பொன்னாடை போர்த்தி, சுவர்க்கடிகாரம் ஒன்று கொடுத்து, கூடவே என் பழுப்பு உறையையும் கையில் கொடுத்தார்கள். ஐம்பத்தெட்டு வயதில், இனி எந்த வேலைக்கும் விண்ணப்பிக்கத் தேவையில்லாத ஒருத்தியிடம், ஒரு தாள்கூடக் குறையாமல் எல்லாம் வந்து சேர்ந்தன. கைதட்டினார்கள்.

போன வருஷம் உன் அப்பா காலமான மறுமாதம், வாரிசுச் சான்றுக்காகத் தாலுகா அலுவலகம் போயிருந்தேன். நீ அப்போது சென்னைக்குத் திரும்பிவிட்டாய். வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்த பெண் திரும்பி, “உங்களுக்குக் கண்ணு தெரியலீங்களா மேடம், இல்ல என்னையே தெரியலீங்களா?” என்றாள்.

“உண்ணாமலை,” என்றேன்.

“அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரியே கூப்பிடறீங்களே!” என்று சிரித்தாள். கூந்தல் பாதி நரைத்திருந்தது. ஏதோ ஒரு சின்ன ஆங்கிலப் பள்ளியில் இத்தனை நாள் நகல்களை வைத்தே வேலை பார்த்திருக்கிறாள். இப்போது அரசுப் பள்ளி வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்க வரச்சொல்லி அழைப்பு வந்திருந்தது. அங்கே நகல் செல்லாது. “தொலைஞ்சி போச்சுன்னு இங்க ஒரு தாள் வாங்கினாத்தான் டூப்ளிகேட் குடுப்பாங்களாம். என் அஜாக்கிரதையால நானே தொலைச்சிட்டேன்னு எழுதிக் குடுக்கணும்.”

“நான் எழுதித் தரேன்,” என்றேன். “காலேஜ்லதான் தொலைஞ்சுது, சாவி என்கிட்டதான் இருந்துதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

“ஐயோ, வேணாம் மேடம். நான் தொலைச்சேன்னா பதினஞ்சு நாள்ல வந்துடும். நீங்க தொலைச்சீங்கன்னா விசாரணை வெப்பாங்க. அது முடியறதுக்குள்ள எனக்கு ரிடையர்மென்ட் வந்துடும்.” பக்கத்தில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். பிறகு உன்னைக் கேட்டாள். “தம்பி எப்படி இருக்குது? கணக்குதானே எடுத்தான்?”

“மெக்கானிக்கல்.”

“அடப்பாவமே,” என்றாள். அவ்வளவு நேரத்தில் அவள் முகம் வாடியது அப்போது மட்டும்தான். வரிசை நகர்ந்து அவள் முறை வந்தபோது, விண்ணப்பத்தில் சாட்சிக் கையெழுத்து ஒன்று குறைகிறது என்று உள்ளே இருந்த குமாஸ்தா தாளைத் திருப்பிவிட்டார். அவள் என்னைப் பார்த்தாள். “நீங்க போடறீங்களா மேடம்? பேராசிரியர்னு இருந்தா மறுபேச்சு பேச மாட்டாங்க.” போட்டேன். மேற்படி நபர் தன் கவனக்குறைவால் சான்றிதழ்களைத் தொலைத்துவிட்டார் என்பதை நான் நேரடியாக அறிவேன் என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே, தெளிவான எழுத்தில் என் பெயரை எழுதி, பேராசிரியர், ஓய்வு என்றும் எழுதினேன். என் பட்டங்களால் இதுவரை அவளுக்குக் கிடைத்த ஒரே உதவி அதுதான். அவள் நன்றி என்று சொல்லிவிட்டுப் போனாள், மனதாரத்தான் சொன்னாள். அவளுக்கு அந்த வேலை கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது உன் விஷயம். நீ சேரப்போகும் கல்லூரியும் நான் இருந்த கல்லூரியைப் போன்றதுதான். பூக்கொத்து கொடுத்து வரவேற்பார்கள், அதே கையை நீட்டி உறையைக் கேட்பார்கள். சம்பளம் ஒழுங்காக வரும். முதல் இரண்டு வருஷம் உனக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, ஏனென்றால் நீ எங்கும் போக நினைக்க மாட்டாய். பிறகு ஒரு நாள், உனக்காகவே எழுதியதுபோல ஒரு விளம்பரம் வரும். அன்றைக்குத்தான் உன் படிப்பு இன்னொருவர் அறையில் பூட்டிக்கிடக்கிறது என்பது உனக்கு உறைக்கும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், நான் தாங்கினேன், பலரும் தாங்குகிறார்கள், ஊர் நடக்கத்தான் நடக்கிறது. நான் பயப்படுவது அதற்கு அடுத்ததைப் பற்றி. நீ கெட்டிக்காரன், ஒழுங்கானவன், என்னைப்போலவே நேரம் தவறாதவன். உன்னைப் போன்றவர்களைத்தான் தேடிப் பிடித்துச் சாவியைக் கொடுப்பார்கள். இழந்ததற்கு ஈடு என்று அது உனக்குத் தோன்றும். உனக்குக் கிடைக்காத ஒன்றை உனக்கு எதிரே நிற்கிற இளையவன் கேட்கும்போது, மறுப்பதற்கு உன்னிடம் எத்தனை நல்ல காரணங்கள் இருக்கும் என்று பார்த்து நீயே அசந்துபோவாய். நான் சொன்னவை எல்லாமே நல்ல காரணங்கள்தான். ஒன்றில்கூடத் தர்க்கப்பிழை கிடையாது.

உன்னிடம் ஒன்றையும் மறைக்கக்கூடாது என்று இவ்வளவு தூரம் எழுதிய பிறகு, இந்த நான்கு நாள் கதையையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை உன் கோப்பைத் திறந்து, எம்.இ. பட்டத்தை மட்டும் தனியாக எடுத்து என் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். மற்றவற்றை அனுப்பிவிட்டு, அதை மட்டும் காணவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிடலாம் என்பது திட்டம். ஒன்று குறைந்தால் அவர்கள் உன்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். நீ கொஞ்ச நாள் கோபித்துக்கொண்டு வேறு இடம் பார்ப்பாய். எல்லாம் உன் நல்லதுக்குத்தான். மூன்று இரவு அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினேன், நன்றாகவே தூக்கம் வந்தது. அந்தத் தூக்கம்தான் இன்று காலை எனக்குப் பயத்தைக் கொடுத்தது. தீபத்தன்று உண்ணாமலையை அனுப்பிவிட்டும் நான் அப்படித்தான் தூங்கினேன்.

பட்டத்தைத் திரும்ப அதன் இடத்தில் வைத்துவிட்டேன். பத்தாம் வகுப்பிலிருந்து எம்.இ. வரை எல்லாம் வரிசையாக இருக்கின்றன. எதன் நகலையும் நான் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. நீ இருபத்தாறு வயது ஆண்பிள்ளை. இவற்றைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை நீயும் அந்தக் கல்லூரியும் பேசிக்கொள்ளுங்கள். இதை எழுதி முடித்ததோடு இந்த விவகாரத்தில் என் வேலை முடிந்தது. நீ கொடுத்துவிடுவாய் என்றுதான் நினைக்கிறேன். கூரியர் கடையை ஆறு மணிக்குச் சாத்திவிடுவார்கள், இப்போது ஐந்தாகிறது. ஆட்டோ பிடித்து நானே போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.

அம்மா